ஆத்தா தனியாக இயக்கும்படி ஒரே ரிமோட் வேண்டும் (கானாடுகாத்தான் வீடு)

வளவு வீட்டுப் பையன்

வணக்கம். பிள்ளையார் நோன்புக்கு ஊருக்குப் போகிறேன். அதற்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும், உதவுங்கள்.

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் பழைய சாமான் அறை ஒன்று சும்மா கிடந்தது. போன வருஷம் அதை ஒழித்து ஹோம் தியேட்டர் ஆக்கினோம். புரொஜெக்டர், 100 இன்ச் திரை, ஏவிஆர் (எல்லாப் பெட்டியும் வந்து சேர்ந்து, ஸ்பீக்கருக்குச் சத்தம் பிரித்துத் தரும் ஆம்ப்ளிஃபயர்), 5.1 ஸ்பீக்கர், டிடிஎச் பெட்டி, ஃபயர் டிவி ஸ்டிக், ப்ளூரே பிளேயர். தம்பி சிங்கப்பூரில், நான் சென்னையில். ஊரில் ஆத்தாவும் ஒத்தாசைக்கு ஒரு அக்காவும் மட்டும்தான். ஆத்தாவுக்கு 72 வயது. பழைய படம் என்றால் உயிர். அவர்களுக்காகத்தான் இந்த அறையே.

ரிமோட் அஞ்சு. எல்லாவற்றையும் ஒரு ஓலைக் கொட்டானில் போட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். போன வாரம் ராத்திரி எட்டு மணிக்குப் போன் வந்தது. "தம்பி, படம் வருது, சத்தம் வரலை." ஏவிஆர் வேறு இன்புட்டுக்குப் போயிருக்கும் என்று தெரிந்துவிட்டது. "கறுப்பா நீளமா இருக்கிற ரிமோட்டை எடுங்க ஆத்தா" என்றேன். "எல்லாமே கறுப்புதானப்பா" என்றார்கள். ஒவ்வொன்றாக எடுத்து, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அக்கா எழுத்துக்கூட்டிச் சொல்ல, அரை மணி நேரம் ஓடியது. நடுவில் புரொஜெக்டரும் அணைந்துபோனது. கடைசியில், "சரி விடப்பா, நீ வேலையைப் பாரு, நான் போய்ப் படுக்கிறேன்" என்று வைத்துவிட்டார்கள்.

அன்றைக்கு எனக்குத் தூக்கமே இல்லை. காசு கொஞ்சம் ஆனாலும் பரவாயில்லை. ஆத்தா யாரையும் கேட்காமல் போட்டு, பார்த்து, அணைக்க வேண்டும். எது வாங்கலாம்?

சிங்கைவாசி

லாஜிடெக்கின் ஹார்மனி ரிமோட் வாங்குங்கள், கண்ணை மூடிக்கொண்டு. நான் பல வருஷம் வைத்திருந்தேன். அதில் "டிவி பார்" என்று ஒரு பொத்தானை அழுத்தினால் புரொஜெக்டர், ஏவிஆர், பெட்டி மூன்றும் வரிசையாக எழுந்து, சரியான இன்புட்டில் வந்து நிற்கும். எந்தச் சாதனம் எந்த ரிமோட் என்று யோசிக்கவே வேண்டாம். வேலையைச் சொன்னால் போதும், அதுவே பார்த்துக்கொள்ளும். இன்றைக்கு வருகிற ஹப் ரிமோட்டெல்லாம் (ரிமோட் சொல்வதை வாங்கிப் பெட்டிகளுக்கு அனுப்பும் சின்னப் பெட்டியோடு வருவது) அந்த வழியில்தான் நடக்கிறது.

தேவகோட்டை ரசிகை

சிங்கை அண்ணே, லாஜிடெக் 2021 ஏப்ரலிலேயே ஹார்மனி தயாரிப்பை நிறுத்திவிட்டதாக அறிவித்துவிட்டார்களே. ஏற்கெனவே வாங்கியவர்களுக்குச் சேவை தொடரும் என்று சொன்னார்கள், அது நல்ல விஷயம். ஆனால் இப்போது சந்தையில் கிடைப்பது பழைய சரக்கோ கைமாறியதோதான். ஆத்தாவுக்கு என்று புதிதாக அமைக்கும்போது, லாஜிடெக்கின் சர்வர் இருக்கும்வரை ஓடும் ஒன்றை நம்ப வேண்டாம் என்பது என் எண்ணம்.

வாங்குவதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். வீட்டில் சிஇசி, அதாவது எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே ஒரு சாதனம் இன்னொன்றை இயக்கும் வசதி, போட்டிருக்கிறீர்களா? எச்டிஎம்ஐ கேபிளில் 19 பின் உண்டு, அதில் 13வது இதற்கென்றே இருக்கிறது. ஒரு சாதனம் எழுந்தால் மற்றதையும் எழுப்பும். சாம்சங் இதை எனிநெட் பிளஸ் என்பார்கள், எல்ஜி சிம்ப்ளிங்க், சோனி பிராவியா சிங்க். பெயர்தான் வேறு வேறு, உள்ளே ஒன்றுதான். எங்கள் வீட்டில் டிவியும் சவுண்ட்பாரும் ஸ்டிக்கும் மட்டும். மெனுவில் போய் இதை ஆன் செய்ததோடு சரி. அப்பா இப்போது ஸ்டிக்கின் ரிமோட் ஒன்றைத்தான் தொடுகிறார். செலவு ஒரு ரூபாய் இல்லை.

செக்காலை ரோடு

தம்பி, காரைக்குடிப் பக்கம் 14 வருஷமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். ரசிகை சொன்ன சிஇசி, டிவி வீட்டில் அருமையாக ஓடும். புரொஜெக்டர் வீட்டில் அப்படியே நம்பிவிடாதீர்கள். சில புரொஜெக்டரில் சிஇசியே இருக்காது, சிலதில் எழுப்பும், அணைக்காது. போட்டுப் பாருங்கள், ஓடினால் அதிர்ஷ்டம்.

மாடல் பெயருக்குப் போவதற்கு முன்னால் எனக்குச் சிலது தெரிய வேண்டும். பெட்டிகளெல்லாம் திறந்த தட்டிலா, கதவு போட்ட அலமாரியிலா? சாதா ரிமோட் அனுப்பும் இன்ஃப்ராரெட் வெளிச்ச வகை. கண்ணாடியில் போகும், தேக்குக் கதவில் போகாது. பழைய வீட்டில் பாதிப் பிரச்சினை இதில்தான். அடுத்தது, புரொஜெக்டரை அணைக்க பவர் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் போதுமா, "அணைக்கவா?" என்று கேட்டு இரண்டாவது தடவை அழுத்தச் சொல்கிறதா?

ஸ்டிக் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் ஆட்கள் காசை விடுகிறார்கள். ஃபயர் டிவி ஸ்டிக்குக்கு இன்ஃப்ராரெட் கண்ணே கிடையாது. அதன் ரிமோட் புளூடூத்தில் பேசுகிறது. கடையில் "எல்லாத்துக்கும் ஒரே ரிமோட் சார்" என்று எடுத்துக் கொடுக்கும் சாதா ரிமோட் அதை அசைக்காது. பிளேஸ்டேஷன் 5 இருந்தாலும் இதே கதை. வாங்கிய பிறகு என்னிடம் கொண்டுவந்து காட்டுபவர்கள் மாதம் இரண்டு பேராவது இருப்பார்கள்.

இன்னொன்று. யார் என்ன சொன்னாலும் சுவரைக் கொத்தி வயர் ஓட்டாதீர்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர் அது. கையை வைத்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். ஒரு தடவை கொத்தினால் அந்த மெருகை அதே மாதிரி ஒட்டிக் கொடுக்க ஆள் கிடைப்பது பெரும்பாடு. உத்திர ஓரமாகவோ கதவு நிலை ஓரமாகவோ வயரை விடுங்கள், வெளியே தெரிந்தாலும் பரவாயில்லை.

சிக்ரி ஓய்வு

நான் காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரிமோட் மாடல் பற்றி இளைஞர்கள் சொல்லட்டும். பேட்டரி பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், யாருமே அதை நினைப்பதில்லை.

நம் பக்கத்து வீடுகள் பலதும் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கின்றன. நோன்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து திறந்தால் ரிமோட்டின் ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அல்கலைன் செல்லில் இருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. காற்றில் இருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து அந்தப் பொடி ஆகிறது. காரத்தன்மை உள்ளது, அதனால் வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ பஞ்சு நனைத்துத் துடைத்தால் கரையும். பிறகு ஈரமில்லாமல் காய வைக்க வேண்டும். விலை மலிவான ஜிங்க் கார்பன் செல் இன்னும் சீக்கிரம் கசியும், ஏனென்றால் அதில் துத்தநாக உறையே கரைந்துதான் மின்சாரம் வருகிறது. பூட்டிக் கிளம்புகிறவர்கள் செல்லைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றும் செல் 1.2 வோல்ட்தான், சாதா செல் 1.5. பெரும்பாலான ரிமோட்டுக்கு அதுவே போதும், சிலது மட்டும் சீக்கிரமே "பேட்டரி குறைவு" என்று காட்டும்.

ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் கோளாறு ரிமோட்டிலா பெட்டியிலா என்று பார்க்க ஒரு வழி: போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்கு நேராகக் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். விளக்கு ஊதா கலந்த வெள்ளையாக மினுக்கினால் ரிமோட் நன்றாக இருக்கிறது. நம் கண்ணுக்கு அந்தக் கதிர் தெரியாது, கேமராவுக்குப் பெரும்பாலும் தெரியும்.

முற்றத்தைப் பார்த்த மாதிரி சென்சார் இருந்தால் நடுப்பகலில் ரிமோட் மக்கர் செய்யும். வெயிலிலும் அதே கதிர் நிறைய இருக்கிறது. சென்சாரின் பக்கம் கொஞ்சம் நிழல் விழும்படி திருப்பி வைத்தால் சரியாகிவிடும்.

பள்ளத்தூர் மருமகள்

எல்லாரும் பெட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆத்தாவின் கையைப் பற்றி யாரும் கேட்கவில்லையே!

என் மாமியாருக்குக் கண்ணில் புரை எடுத்து இரண்டு வருஷம். அவர்களுக்காக வீட்டுக்காரர் தொடுதிரை ரிமோட் ஒன்று வாங்கி வந்தார். பார்க்க அவ்வளவு அழகு. ஒரு வாரத்தில் டிராயருக்குள் போய்விட்டது. தொடுதிரையில் விரல் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியாது, ஒவ்வொரு தடவையும் கண்ணாடி போட்டுக் குனிந்து பார்க்க வேண்டும். இருட்டு அறையில் அது இன்னும் மோசம். பொத்தான் மேடாக இருக்க வேண்டும். 5ஆம் எண்ணில் ஒரு சின்னப் புள்ளி மேடு இருந்தால் விரல் தானே வழி கண்டுபிடிக்கும். சத்தமும் சானலும் மாற்றும் பொத்தான் அகலமாக, ஒன்றுக்கொன்று தள்ளி இருக்க வேண்டும். அழுத்தினால் உள்ளிருந்து வெளிச்சம் வந்தால் ரொம்ப நல்லது.

அதைவிட முக்கியம், ஆத்தா இப்போது என்னென்ன செய்கிறார்கள் என்று ஒரு வாரம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். என் மாமியாருக்கு சானல் பெயர் நினைவில் நிற்காது, நம்பர்தான் மனப்பாடம். ஸ்டிக்கோடு வரும் சின்ன ரிமோட்டில் எண்களே இல்லை. அதை மட்டும் கையில் கொடுத்தால் அவர்கள் தவித்துப்போவார்கள். இது தெரியாமல் நாங்கள் எத்தனை தடவை சிரமப்பட்டோம் என்று எனக்குத்தான் தெரியும்.

வளவு வீட்டுப் பையன்

மருமகள் சொன்னதைப் படித்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். அஞ்சு நாள் ஒரு காகிதத்தில் குறித்துப் போட்டோ அனுப்பினார். காலையில் பக்திச் சானல் ஒன்று. சாயங்காலம் செய்தி. ராத்திரி பழைய படம், அதுவும் யூடியூப்பில். சானல் எல்லாமே நம்பர்தான், நீங்கள் சொன்ன மாதிரியே. ப்ளூரே பிளேயரைத் தொட்டதே இல்லை. அது எனக்கும் தம்பிக்கும் வாங்கியது.

செக்காலை அண்ணே, பெட்டிகள் எல்லாம் பர்மாத் தேக்கு அலமாரிக்குள் இருக்கின்றன. கதவைத் திறந்து வைத்துதான் பார்க்கிறார்கள். ஆத்தா ராத்திரி பல்லி போகும் என்று கதவைச் சாத்திவிடுவார்கள், காலையில் ரிமோட் வேலை செய்யவில்லை என்பார்கள். இப்போதுதான் புரிகிறது. புரொஜெக்டரை அணைக்க இரண்டு தடவை அழுத்த வேண்டும்.

செக்காலை ரோடு

சரி, இப்போது வழி தெளிவாகிவிட்டது.

அலமாரிக் கதவு இருப்பதால் உங்களுக்கு ஹப் உள்ள வகைதான் வேண்டும். கையில் இருக்கும் ரிமோட் ஹப்போடு வானொலி அலையில் பேசும், அதற்குக் கதவு ஒரு பொருட்டில்லை. ஹப் அலமாரிக்குள் உட்கார்ந்துகொண்டு பெட்டிகளுக்கு இன்ஃப்ராரெட்டும் ஸ்டிக்குக்கு புளூடூத்தும் அனுப்பும். சோஃபாபேட்டன் எக்ஸ்1 வரிசை இந்த வகை. அதே கம்பெனியின் யு2வில் ஹப் கிடையாது. கதவு இல்லாத வீட்டுக்கு அது போதும், ஆனால் எல்லாக் கட்டளையும் போய்ச் சேரும்வரை ரிமோட்டை நீட்டியபடியே பிடித்திருக்க வேண்டும். பெரியவர்கள் அழுத்தியதும் மடியில் வைத்துவிடுவார்கள். புரொஜெக்டர் எழும், ஏவிஆர் எழாது. உங்கள் ஆத்தாவுக்கு அன்றைக்கு நடந்த மாதிரிதான் ஆகும்.

பிராட்லிங்க் மாதிரி ஹப்புகளுக்குப் போன்தான் ரிமோட். நமக்குச் சரி, ஆத்தாவுக்கு வேண்டாம்.

பெரும்பாலான ஹப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும். உங்கள் ரவுட்டர் முகப்பில் இருக்கும், தியேட்டர் இரண்டாம் கட்டில். நடுவில் அந்தக் கனத்த சுவர்கள். முதலில் போனை எடுத்துக்கொண்டு போய் அலமாரிக்குப் பக்கத்தில் சிக்னல் வருகிறதா பாருங்கள். வாங்கிய அன்றே நெட்டைப் பிடுங்கிவிட்டு ரிமோட் ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நெட் இல்லாவிட்டால் சானல்கூட மாற்ற முடியாத வகையாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி அமைப்பு. இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும், அவசரப்படாதீர்கள். புரொஜெக்டர் எழுந்து நிற்கக் கொஞ்ச நேரம் எடுக்கும், அதற்குள் அனுப்பும் கட்டளையை அது வாங்கிக்கொள்ளாது. ஆகவே முதலில் புரொஜெக்டரை எழுப்பி, பிறகு பெட்டி, பிறகு ஏவிஆர், கடைசியில் இன்புட் மாற்றம் என்று இடைவெளி விட்டு வையுங்கள். அணைக்கும்போது புரொஜெக்டருக்கு பவர் கட்டளை, ஒரு விநாடி இடைவெளி, திரும்ப அதே கட்டளை.

பவர் பொத்தான் பெரும்பாலும் ஒன்றே. எரிந்தால் அணையும், அணைந்திருந்தால் எரியும். கரண்ட் போய் வந்த பிறகு ஒரு பெட்டி மட்டும் தானாக எழுந்திருந்தால், ஆத்தா "டிவி" என்று அழுத்தியதும் அது அணைந்துபோகும். மற்றது எழும். அப்புறம் ஒவ்வொரு நாளும் தலைகீழ்தான். இதற்கு மருந்து, "எரி" தனியாகவும் "அணை" தனியாகவும் இருக்கும் கட்டளை. ஏவிஆர்களில் இது பெரும்பாலும் உண்டு, அசல் ரிமோட்டில் பொத்தானாக இல்லாவிட்டாலும் ஹப்பின் பட்டியலில் தேடினால் கிடைக்கும். அதைத் தேடிப் போடுங்கள். நான் செய்து கொடுத்த வீடுகளில் வாரா வாரம் போன் வருவதும் வராததும் இந்த ஒரு விஷயத்தைப் பொறுத்துதான் இருந்திருக்கிறது.

சிங்கைவாசி

அருமை அண்ணே. ஒரு சந்தேகம். டிடிஎச்சும் ஆப்பும் ஒன்றாக வரும் ஏர்டெல் எக்ஸ்ட்ரீம், டாடா பிளே பிஞ்ச் பிளஸ் மாதிரிப் பெட்டி வாங்கிவிட்டால் ஸ்டிக்கே தேவையில்லையே? அதன் ரிமோட்டில் எண்ணும் இருக்கும்.

செக்காலை ரோடு

நல்ல யோசனை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஒரு பெட்டி குறைந்தால் பாதிக் குழப்பம் போச்சு. ஆனால் அதில் மெனு மாறும், படம் போடும் இடம் மாறும். இவர்கள் ஆத்தாவுக்கு இப்போதைய பெட்டி பழகிவிட்டது. 72 வயதில் பழகியதைப் பிடுங்குவதற்கு எனக்கு மனசு வராது.

பள்ளத்தூர் மருமகள்

அமைத்து முடித்ததும் நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்காதீர்கள். ஒரு தடவை காட்டிவிட்டு முகப்பில் போய் உட்காருங்கள். அவர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்று அக்காவைப் பார்க்கச் சொல்லுங்கள், வாயைத் திறக்காமல். அங்கேதான் சரி செய்ய வேண்டும்.

வளவு வீட்டுப் பையன்

ஊருக்குப் போய், நோன்பு முடித்து நேற்றுத்தான் திரும்பினேன். நடந்ததை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

ஹப் உள்ள வகைதான் வாங்கினேன். அலமாரியின் பின்பலகையில் ஏற்கெனவே இருந்த துளை வழியாக அதன் வயர் உள்ளே போய்விட்டது, சுவரைத் தொடவே இல்லை. வைஃபை சிக்னல் அலமாரிப் பக்கம் வரவில்லை, இடையில் இருக்கும் பட்டாலையில் சிக்னலை நீட்டித் தரும் ஒரு எக்ஸ்டெண்டர் வைத்தேன். நெட்டைப் பிடுங்கிப் பார்த்தேன், சானலும் சத்தமும் ஓடின.

ஆத்தாவுக்கு மூன்றே வேலைகள் வைத்தேன்: டிவி, படம், அணை. ப்ளூரேயைச் சேர்க்கவே இல்லை. எண்கள், சத்தம், சானல் தவிர மற்ற பொத்தான்களை ஆப்பில் செயலிழக்கச் செய்துவிட்டேன், தவறி அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. முதல் நாள் நான் வைத்த இடைவெளி குறைவு. புரொஜெக்டர் எழும் முன்பே இன்புட் கட்டளை போய்விட்டது, திரை நீலமாகவே நின்றது. 35 விநாடி ஆக்கிய பிறகு சரியானது. ஏவிஆருக்குத் தனித்தனி எரி, அணை கட்டளை பட்டியலில் கிடைத்தது. செக்காலை அண்ணனுக்குக் கோடி நன்றி. வேண்டுமென்றே மெயினை அணைத்துப் போட்டு மூன்று தடவை பார்த்தேன், தடுமாறவில்லை.

அப்புறம் மருமகள் சொன்ன மாதிரி முகப்பில் போய் உட்கார்ந்தேன். ஆத்தா "டிவி" அழுத்தினார்கள். திரை வர அந்த 35 விநாடி ஆகிறது இல்லையா, அந்த இடைவெளியில் வேலை செய்யவில்லை என்று நினைத்துத் திரும்ப அழுத்திவிட்டார்களாம். அக்கா சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. இப்போது ஆத்தாவுக்குச் சொல்லியிருப்பது ஒன்றுதான்: அழுத்திவிட்டு ரிமோட்டை மடியில் வைத்து, கந்த சஷ்டி கவசத்தில் முதல் சில வரிகளைச் சொல்லுங்கள், முடிவதற்குள் படம் வந்துவிடும். அது பிடித்துப்போய்விட்டது.

தேவகோட்டை ரசிகை

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. பழைய அஞ்சு ரிமோட்டையும் என்ன செய்தீர்கள்?

வளவு வீட்டுப் பையன்

அதே கொட்டானில் போட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். புரொஜெக்டரின் ஃபோகஸ், ஏவிஆரின் ஸ்பீக்கர் அமைப்பு எல்லாம் மாற்ற அசல் ரிமோட்தான் வேண்டும், அதனால் தூக்கிப் போடவில்லை. சிக்ரி சார் சொன்னபடி செல்லைக் கழற்றித் தனிப் பையில் போட்டிருக்கிறேன். புதிய ரிமோட்டில் "அணை" பொத்தானுக்கு மட்டும் அக்கா குங்குமப் பொட்டு நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லிக் கேட்டார், ஒட்டிவிட்டு வந்தேன்.